மேடையில் முருகன், இறங்கினால்?

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என வானம் பார்த்த சீமையிலே, திருவிழா என்றால் 'வள்ளி திருமணம்' உண்டு. விடியும்வரை ஆர்மோனியம் ஒலிக்கும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் புரிவர். அந்த மேடை வளர்ந்த கதை என்ன?

பார்சிக் குழுக்கள் கொட்டகையும் திரைச்சீலையும் காட்டின. சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) தமிழ்ப் பாட்டும் உரையாடலும் வகுத்தளித்தார்; 1918-ல் மதுரையில் பாலர் சபை கண்டார். பின்னர்த் தழைத்தது 'ஸ்பெஷல் நாடகம்'. ஒத்திகை இல்லை, வெவ்வேறு ஊர் நடிகர்கள் மேடையிலேயே சந்திப்பர். பாடம் தெரிந்தவர் எவரும் ஆடலாம்! கலை கதவைத் திறந்தது, சாதியோ தாழிட்டது!

விசுவநாததாசு, 1886-ல் சிவகாசியிலே, நாவிதர் குடும்பத்திலே பிறந்தவர். முருகன் வேடத்திலேயே வெள்ளையராட்சியைச் சாடிப் பாடினார். பலமுறை சிறை புகுந்தார். மக்கள் கைகூப்பினர். எனினும், அவர் பிறப்பைக் காட்டி உடன் நடிக்க மறுத்த நடிகையரும் உண்டு. வேடத்துக்கு வணக்கம், வேடம் தரித்தவருக்கு விலக்கு! 1940 டிசம்பர் 31 அன்று, சென்னை மேடையிலே முருகனாக நடித்துக்கொண்டிருக்கையிலேயே உயிர் துறந்தார்.

தோழர்களே! நாடக வரலாறு என்பது நூற்பெயர்களின் பட்டியல் மட்டுமன்று. ஆடியவர் எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதும் வரலாறே. 'கூத்தாடி' என்பது இன்னமும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. நம் ஊரிலும் விடியும். முருகன் மேடைவிட்டிறங்கி அரிதாரம் கலைப்பார். அப்போது அவரிடம் குலம் கேளாத ஊரே கலை வளர்ந்த ஊர்!