மண்ணிலிருந்த கரி எங்கே போச்சு?

இங்கிலாந்து நாட்டிலே ஹோம் ஃபென் என்று ஒரு சதுப்பு நிலம். 1851-ல் அதை ஒட்டிய ஏரியை வடித்து வயலாக்கினார்கள். அப்போது ஓர் இரும்புக் கம்பத்தை, தலை தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்றைக்கு அந்தக் கம்பம் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. கம்பம் வளரவில்லை, நிலம்தான் இறங்கிவிட்டது!

காரணம் என்ன? அது 'பீட்' மண். செத்த செடிகொடிகள் தண்ணீருக்குள் காற்றுப் படாமல், ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பாதி மக்கிச் சேர்ந்தது. தண்ணீரை வடித்ததும் மண் சுருங்கிற்று. காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கின. மண்ணிலிருந்த கரி, கரியமில வாயுவாக ஆகாயத்துக்குப் போயிற்று.

கேரளத்துக் குட்டநாட்டிலே, கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற பூமியில், இதைப் போன்ற 'கரி நிலம்' உண்டு. கருத்த மண்ணுக்குள் புதைந்த மரக்கட்டைகள் கிடக்கும். அந்த மண்ணை வடித்துக் காயவிட்டால் புளித்துப் பயிரைக் கெடுக்கும்.

"நம்ம தஞ்சாவூர் வண்டலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் சார்?" என்று கேட்பீர்கள். நம்ம மண் பீட் அல்ல. அப்படி ஆள் உயரத்துக்கு இறங்காது. ஆனால் கணக்கு ஒன்றுதான். வயலுக்குத் திரும்பப் போடுவது குறைந்தால், மண்ணில் உள்ள கரி இருப்புக் கரையும்.

1934-ல் மேட்டூர் அணை வருவதற்கு முன்னே, ஆற்று வெள்ளம் தாராளமாக வண்டல் கொண்டுவந்தது. கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். கொழிஞ்சி, தக்கைப்பூண்டை மடக்கி உழுதார்கள். 1960-ல் தஞ்சை ஜில்லாவுக்கு பேக்கேஜ் திட்டம் வந்தது. பிறகு ஆடுதுறை 27 வந்தது. வானொலி கேட்டுப் பயிரிட்டதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர். விளைச்சல் கூடிற்று, அதில் தப்பில்லை. ஆனால் யூரியா மூட்டை வந்த வேகத்தில் எருக்குழியை மறந்தோம். சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இதில் பங்குண்டு.

இப்போது அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் வைக்கோலைச் சில இடங்களில் கொளுத்துகிறார்கள். அது மண்ணுக்குச் சேர வேண்டிய கரி, கொளுத்தாதீர்கள். தண்ணீர் வசதி உள்ளவர்கள் தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம்' என்ற வரியை வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு அதுதான் அந்த இரும்புக் கம்பம்.