வயர்க்கட்டு இணைப்பிகளை இனங்காணல்
வாகனத்துக்கு வேறு இஞ்சின் பூட்டும்போது, அதனுடன் வரும் வயர்க்கட்டின் ஒவ்வொரு இணைப்பியும் (கொனெக்ரர்) எதற்குரியது என்று கண்டறியும் வேலை. இலங்கையில் பாவித்த ஜப்பான் இஞ்சின்களே பெரும்பாலும் பூட்டப்படுகின்றன. வயரின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. இஞ்சின் கணினிப் பெட்டியின் ஊசிப் பெயரே உறுதியான சான்று. ரொயோட்டாவில் ‘+பி’ பிரதான ரிலே வழியாக வரும் மின், ‘வி.சி.’ சென்சர்களுக்கான 5 வோல்ற். ‘ஈ2’ அவற்றின் ஏர்த். ‘ரி.எச்.டபிள்யூ.’ நீர்வெப்பச் சென்சர்: 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம் காட்டும், சூடேறக் குறையும். கொக்கிளாய் போன்ற களப்புக் கரைகளில் உப்புக்காற்றால் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதைத் துடைக்காமல் அளந்தால் நல்ல சென்சரும் பழுதானதாகத் தெரியலாம். பற்றறியைக் கழற்றிய பின்னரே ஓம் அளக்கவேண்டும்.