மேட்டில் தள்ளிய வண்டி

1867. பாரிஸ் பணக்காரர்களுக்கு மிஷோ பட்டறையின் மிதிவண்டி மேல் பித்து. அதே ஆண்டில் இலங்கையில், கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மிஷோ வண்டிக்குச் சங்கிலி கிடையாது. மிதிகட்டை முன்சக்கரத்திலேயே இருந்தது. இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரம் கல்பாதையில் எலும்பையே உலுக்கியது.

சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஸ்டார்லியின் ‘ரோவர்’ 1885இல் வந்தது. இன்றைய சைக்கிளின் நேர்மூதாதை அதுதான். அதே ஆண்டு மே மாதம் இலங்கை மலைநாட்டின் நானுஓயாவுக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. ரயிலே வளைந்து வளைந்து மூச்சிரைத்த மலையில், கியர் இல்லாத சைக்கிள் என்ன செய்யும்? 1,868 மீற்றர் உயர நுவரெலியாவுக்கு ஏறுபவர் அதைத் தள்ளத்தான் வேண்டும்.

சைக்கிளுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் இன்னோர் உறவு உண்டு: இறப்பர். 1888இல் பெல்பாஸ்டில் இருந்த டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1876இல், பிரேசில் இறப்பர் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்திருந்தன. முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் வண்டியும் டயர் கேட்டபோது தாழ்நிலச் சரிவுகள் இறப்பர்க் காடாயின. மேலே கொழுந்து பறித்த தமிழரின் உறவுகள் களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வெட்டினார்கள்.