அமைவு மீட்பு (நாஸ் பெட்டி)

அமைவு மீட்பு என்பது நாஸ் எனப்படும் பிணையச் சேமிப்புப் பெட்டியின் அமைவுகளை, முன்பே எடுத்துவைத்த கோப்பு ஒன்றிலிருந்து திரும்ப ஏற்றும் பணி. பயனர் கணக்குகள், குழுக்கள், பகிர்வுக் கோப்புறைகளின் பெயர்கள், அவற்றை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமைகள், எஸ்எம்பி, என்எஃப்எஸ் முதலிய கோப்புப் பகிர்வுச் சேவைகளின் அமைவுகள் ஆகியவை இக்கோப்பில் இருக்கும். பெட்டியில் சேமித்த படங்களும் கணக்கேடுகளும் வரைபடங்களும் இதில் இரா. பெட்டி பல டெராபைட் கொண்டதாக இருந்தாலும் அமைவுக் கோப்பு மிகச் சிறியது. இதை எடுத்துவைத்துவிட்டு பேக்கப் முடிந்ததாக நம்புவதே இத்துறையில் நடக்கும் மிகக் கொடிய பிழை.

மீட்பு எப்போது தேவைப்படும் என்பது, பெட்டியை இயக்கும் மென்பொருள் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சினாலஜி நிறுவனத்தின் பெட்டிகளில் இயங்குதளம் உள்ளிருக்கும் வட்டுகளிலேயே ஒரு சிறு பகுதியில், வட்டுக்கு வட்டு நகலாகப் பதிந்திருக்கும். ஒரு வட்டு போனாலும் அமைவு போகாது. பெட்டியே பழுதானால், பொருந்தும் வேறொரு மாடலுக்கு வட்டுகளை வரிசை மாறாமல் மாற்றினால் பெரும்பாலான அமைவுகள் உடன் வந்துவிடும். ட்ரூநாஸ் என்னும் நாஸ் மென்பொருளில் நிலைமை வேறு. அதன் இயங்குதளம் தரவு வட்டுகளிலிருந்து பிரிந்த தனி வட்டில் இருக்கும். அந்தச் சிறு வட்டு செத்தால் தரவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பெட்டிக்குத் தன் பயனர்கள் யாரென்றே தெரியாமல் போகும். ட்ரூநாஸ் வைத்திருப்பவருக்கு அமைவுக் கோப்பு உயிர்நாடி.

எல்லா அமைவையும் ஒரே கோப்பில் அடக்கும் வழக்கத்துக்குச் சுவையான வரலாறு உண்டு. மானுவேல் காஸ்பர் உருவாக்கிய மோனோவால் என்னும் ஃபயர்வால் மென்பொருள், தன் அமைவு முழுவதையும் ஒற்றை எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்தது. அதுவரை யூனிக்ஸ் கணினிகளில் அமைவுகள் பல கோப்புகளில் சிதறிக் கிடப்பதே வழக்கம். 2005இல் ஒலிவியே கோஷார்-லாபே மோனோவாலை அடித்தளமாகக் கொண்டு ஃப்ரீநாஸ் என்னும் நாஸ் மென்பொருளைத் தொடங்கியபோது இந்த ஏற்பாடும் சேமிப்பு உலகுக்கு வந்தது. ஃப்ரீநாஸில் பணியாற்றிய ஃபோல்கர் தைலே பின்னர் லினக்ஸில் உருவாக்கிய ஓப்பன்மீடியாவால்ட் இன்றும் ஒற்றை எக்ஸ்எம்எல் கோப்பையே நம்பியிருக்கிறது. ஃப்ரீநாஸோ 2011இல் வந்த 8ஆம் பதிப்பில் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாறியது; அதன் வழித்தோன்றலான ட்ரூநாஸும் அப்படியே. எக்ஸ்எம்எல் கோப்பை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம் என்பது அவசர வேளையில் பெரிய வசதி.

ரீசெட் பொத்தானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மீட்புக்கு வருவோரில் பலர் அதை அழுத்திவிட்டு வருபவர்கள். க்யூநாப் நிறுவனத்தின் பெட்டியில் 3 விநாடி அழுத்தினால் நிர்வாகி பாஸ்வேர்டு, பிணைய அமைவு போன்ற சில மட்டும் இயல்புநிலைக்குத் திரும்பும். 10 விநாடி அழுத்தினால் பயனர்களும் பகிர்வுக் கோப்புறைகளின் பதிவுகளும் நீங்கும்; கோப்புகள் வட்டில் இருக்கும், ஆனால் பகிர்வுப் பட்டியலில் தெரியா. அதே பெயரில் பகிர்வுகளைத் திரும்ப உருவாக்கினால் அவை தெரியும். சினாலஜியிலும் ஒருமுறை அழுத்துவதற்கும், விட்டு உடனே மறுமுறை அழுத்துவதற்கும் இதே போன்ற வேறுபாடு உண்டு. பட்டியல் வெறுமையாகத் தெரிந்தவுடன் எல்லாம் அழிந்ததாக எண்ணிப் புதிதாக வட்டுத் தொகுதியை உருவாக்கினால்தான் உண்மையான இழப்பு நேரும்.

எல்லா ரீசெட்டும் இவ்வளவு இரக்கமானவை அல்ல. 2021 ஜூன் மாதம் உலகெங்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகள் இணையம் வழியே தொழிற்சாலை நிலைக்குத் தள்ளப்பட்டு, உள்ளிருந்த தரவும் அழிந்தது. 2015க்குப் பின் புதுப்பிப்பே பெறாத கருவிகள் அவை. ரீசெட் செய்யும் நிரலில் பாஸ்வேர்டு கேட்கும் வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. இத்தகைய நிகழ்வில் அமைவுக் கோப்பு கையிலிருந்தும் பயனில்லை. தரவின் தனி நகல் மட்டுமே காப்பாற்றும்.

மீட்பில் வரிசை முக்கியம். முதலில் வட்டுத் தொகுதி உயிர்பெற வேண்டும். லினக்ஸின் ரெய்டு தொகுதியும் இசட்எஃப்எஸ் தொகுதியும் தம்மைப் பற்றிய விவரங்களை வட்டுகளிலேயே எழுதிவைத்திருப்பதால், அமைவுக் கோப்பு இல்லாமலே அவற்றை இறக்குமதி செய்யலாம். அதன் பிறகுதான் அமைவு. கோப்பு எடுக்கப்பட்ட இயங்குதளப் பதிப்பை அல்லது அதைவிடப் புதியதை நிறுவியிருக்க வேண்டும்; புதிய பதிப்பில் எடுத்ததைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. ட்ரூநாஸில் கோப்பைப் பதிவிறக்கும்போது ரகசிய விதையையும் சேர்க்கவா என்று ஒரு தேர்வு வரும். அதைச் சேர்க்காமல் எடுத்த கோப்பை வேறு இயங்குதள வட்டில் ஏற்றினால், உள்ளே மறைகுறியிட்டு வைத்த பாஸ்வேர்டுகளைப் படிக்க வழியில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்ச வேண்டும். மறைகுறியிட்ட கோப்புறைகளின் சாவிகளைத் தனியே எடுத்துவைப்பது இதைவிட அவசியம். சாவி தொலைந்தால் தயாரிப்பாளராலும் திறக்க முடியாது.

கோப்பு இல்லையென்றால் பயனர்களைக் கையால் உருவாக்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு கண்ணி உண்டு. வட்டில் ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரும் எண்ணாகவே பதிந்திருக்கிறார். 1001 என்ற எண் முன்பு கணக்காளருடையதாக இருந்து, இப்போது வேறு வரிசையில் உருவாக்கியதால் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளருக்குப் போனால், கணக்காளரின் கோப்புகள் பயிற்சியாளருக்குத் திறக்கும். அமைவுக் கோப்பு இந்த எண்களையும் சேர்த்துக் காக்கிறது. அதன் மதிப்பில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

கடலூர் மாவட்டம் போன்ற புயல் வழிகளில் அமைவுக் கோப்பை எடுத்துவைக்கக் கூடுதல் காரணங்கள் சேர்கின்றன. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலுக்குப் பின், மாவட்டத்தின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் இதே கரையைத் தாக்கியது. விருத்தாசலத்திலோ பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியிலோ ஒரு சிறு அலுவலகம் இப்பெட்டியை வைத்திருந்தால், அமைவுக் கோப்பைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைப்பதில் பொருளில்லை. ஒரு நகல் வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்க வேண்டும்; அதற்குரிய பாஸ்வேர்டு வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். பயனரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் புதிய கோப்பு எடுக்க வேண்டும்; பழைய கோப்பை ஏற்றினால், வேலையை விட்டுப் போனவரின் கணக்கும் உயிர்பெற்று வந்துவிடும்.

பழைய பெட்டி நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்தால் இன்னொரு சிக்கலும் எழலாம். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கியிருக்கும். ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் இணைந்த பெட்டிக்கு இயல்புநிலையில் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால் உள்நுழைவு மறுக்கப்படும். மீட்பு பிழையின்றி முடிந்தும் ஒருவராலும் நுழைய முடியவில்லை என்றால் முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

ஏற்றியபின் சோதிப்பதை நிர்வாகிக் கணக்கில் செய்யக்கூடாது. நிர்வாகிக்குப் பெரும்பாலும் எல்லாமே திறக்கும். சாதாரணப் பயனர் ஒருவரின் கணக்கில் நுழைந்து, அவருக்குரிய கோப்புறையில் ஒரு கோப்பை எழுதி, அவருக்கு உரிமையில்லாத கோப்புறை மூடியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.