யூ மரமும் அதன் வெட்டுத்தழையும்



2019-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், என் தமக்கையாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றப்பட்டபொழுது நான் உடன் அமர்ந்திருந்தேன். மூன்று வாரத்திற்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாய் இறங்கிய அம்மருந்தின் பெயர் டோசிடாக்சல். அது எதிலிருந்து கிடைக்கின்றது என்று மருந்தாளுநரைக் கேட்டேன். கேள்வி கேட்காமல் இருக்க ஆசிரியர்களால் முடிவதில்லை. யூ என்னும் மரத்தின் இலையிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு செய்கிறார்கள் என்றும், ஐரோப்பாவில் அதனை வேலியாக வளர்ப்பார்கள் என்றும் அவர் சொன்னார். அக்கா கண்ணைத் திறந்து, "வேலிச் செடியையா தம்பி எனக்கு ஏத்துறாங்க?" என்றார். அவருக்கு விடை சொல்லத் தேடிப் படித்தவையே இவை.

முதலில் ஒரு சொல். நம் நாட்டில் 'தோட்டம்' என்றால் இரப்பர்த் தோட்டமே நினைவுக்கு வரும். ஈண்டு நான் குறிப்பது இங்கிலாந்துச் செல்வர்கள் தம் மாளிகையைச் சுற்றி அமைத்த பூந்தோட்டங்களை.

யூ மரம் நஞ்சுடையது. விதையை மூடியிருக்கும் சிவந்த சதையைத் தவிர இலை, பட்டை, விதை அனைத்தும் நஞ்சே. தழையைத் தின்ற மாடு சில மணி நேரத்தில் மடிந்துவிடும். ஆயினும் அதன் கட்டை வில்லுக்கு ஏற்றது. வெளிப்புற வெளிர்மரம் இழுபடுவதைத் தாங்கும், உட்புற வயிரம் அமுக்கத்தைத் தாங்கும். இங்கிலாந்தில் போதிய வில்மரம் கிடைக்காமையால், அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் வணிகக் கப்பல்கள் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்தண்டுகள் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டமே இயற்றினர். பின்னர் துப்பாக்கி வந்தது. வில்லின் காலம் முடிந்தது.

அதன்பின் யூ மரம் பூந்தோட்டத்திற்குள் பெருமளவில் நுழைந்தது. 1664-இல் 'சில்வா' என்ற மர நூலை வெளியிட்ட ஜான் ஈவ்லின், யூவை வேலியாக்கும் வழக்கத்தைக் கொணர்ந்தவர் தாமே என்று பெருமை பேசிக்கொண்டவர். ஊசியிலை மரங்களுள் பெரும்பாலானவை, இலையற்ற பழைய கிளை வரை வெட்டினால் மீண்டும் தழைப்பதில்லை. யூ அப்படியன்று. அடிமரம் வரை வெட்டினாலும் துளிர்க்கும், கடுங்குளிரையும் தாங்கும். ஆகவே அதனைச் சுவராகவும் கூம்பாகவும் மயிலாகவும் கத்தரித்தார்கள். இக்கலைக்கு டோபியரி என்று பெயர். உரோமானியர் காலத்திலேயே உண்டு.

இதற்கு இன்றும் சான்றாக நிற்பது வட இங்கிலாந்தின் கம்பிரியாவிலுள்ள லெவன்ஸ் ஹால். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் பணியாற்றிய கர்னல் ஜேம்ஸ் கிரஹாம், மன்னர் 1688-இல் நாட்டை விட்டோடிய பின் இவ்விடத்தைத் தமதாக்கிக்கொண்டார். கியோம் போமோன் என்ற பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் 1694-இல் இங்குப் பணி தொடங்கினார். யூ மரத்திலும் பாக்ஸ் செடியிலும் செதுக்கிய நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இன்று அங்குள்ளன. குடை ஒன்று, நீதிபதியின் பொய்முடி ஒன்று, சதுரங்கக் காய்கள் சில. கத்தரிக்க மாதக்கணக்கில் ஆகின்றது.

ஆனால், போமோன் நட்ட கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்தபோதே காலம் மாறத் தொடங்கிற்று. 1712-இல் ஜோசஃப் அடிசனும் 1713-இல் கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் இந்த மரப் பொம்மைகளை எள்ளி நகையாடி எழுதினர். இயற்கைபோல் தோன்றும் புல்வெளியும் ஏரியுமே அழகு என்றாயிற்று. பழைய தோட்டங்கள் பல அழிக்கப்பட்டன. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் கூம்பு யூ மரங்களைக் கூட, 1764-இல் தோட்டப் பொறுப்பேற்ற 'கேப்பபிலிட்டி' பிரவுன் கத்தரிக்காமல் விட்டுவிட்டார். லெவன்ஸ் மட்டும் பெரிதும் தப்பியது. உண்மையைச் சொன்னால், மரத்தைப் பொய்முடியாக்குவதில் எனக்கும் விருப்பமில்லை. இவ்விடயத்தில் நான் போப்பின் பக்கமே. எனினும் அந்த ஆடம்பரம் இருந்ததனாலன்றோ யூ வேலிகள் இத்தனை எஞ்சின?

இனி மருந்துக்கு வருவோம். 1962-இல் அமெரிக்காவில் பசிபிக் யூ மரத்தின் பட்டை ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இருவர் அதிலிருந்து டாக்சால் என்னும் பொருளைப் பிரித்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். 1992-இல் அது கருப்பைச் சினையகப் புற்றுநோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. இடர் யாதெனில், பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் தேவைப்பட்டன. மெதுவாக வளரும் மரம் அது. காடே காலியாகிவிடும் என்று பலர் அஞ்சினர்.

வழி பிரான்சில் திறந்தது. பியேர் போத்தியே என்ற வேதியியலாளரும் அவர்தம் குழுவினரும் ஐரோப்பிய யூவின் இலையில், இம்மருந்துக்கு மூலமாகக்கூடிய ஒரு பொருள் இருப்பதைக் கண்டனர். அதிலிருந்து அவர்கள் ஆக்கியதே டோசிடாக்சல். அமெரிக்காவில் 1996-இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கப்பட்டது. இலையைப் பறித்தால் மரம் சாவதில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் தழைக்கும். முந்நூறு ஆண்டுகளாகத் தோட்டக்காரர்கள் எரித்த வெட்டுத்தழையை வாங்கிச் செல்ல இங்கிலாந்தில் வண்டிகள் வரலாயின. ஒரு நிபந்தனை: அவ்வாண்டில் துளிர்த்த தழையாக இருக்க வேண்டும், புல்லோ வேறு இலையோ கலந்திருக்கலாகாது. ஆண்டுதோறும் ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்ட வேலியிலிருந்தே அத்தகைய தழை கிடைக்கும்.

இவற்றையெல்லாம் நான்காம் முறை மருந்தேற்றிய நாளில் அக்காவிடம் சொன்னேன். பொய்முடிக் கதைக்கு மட்டும் சிரித்தார். அவர் தலையிலும் அன்று ஒன்று இருந்தது. பிறகு சொட்டும் குழாயைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊரு தோட்டமோ, தம்பி" என்றார்.