ஸ்கோப்பா, ஓப்பன் சைட்டா? ஒரு நானூறு வருடத்துக் கணக்கு

அகமதாபாத் தமிழ்க் குடும்பங்களில் சில வருடங்களாக ஒரு புதுக் கேள்வி சுற்றுகிறது. "பொண்ணு ஏர் ரைபிள் கேக்கறா சார், ஸ்கோப் வெச்சு வாங்கலாமா, சும்மா வாங்கினா போதுமா?" காரணம் தெரிந்ததுதான். கடலூரில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினாலும் வாங்கினார், கீபோர்டு கிளாஸுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் துப்பாக்கி கேட்கிறார்கள். வங்கிக்காரனிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று கேட்காதீர்கள். காசு போடும் விஷயம் எதுவானாலும் நம்மாட்கள் வங்கிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள் :-)

இதற்கான பதில் கடைக்காரரிடம் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் இரண்டும் என்னவென்று பார்ப்போம். மெரினாவில் பலூன் சுட்டிருப்பீர்களே, அதில் இருப்பது ஓப்பன் சைட். குழல் நுனியில் ஒரு சின்ன மேடு, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு நடுவே மேடு, மேட்டுக்கு மேலே பலூன். மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், மனிதக் கண்ணால் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அதனால்தான் "மேட்டைப் பார், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும்" என்பது பழைய பாடம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததுதான் ஸ்கோப். தீர்வுக்கு வழி காட்டியது ஒரு சிலந்தி! தொலைநோக்கி 1608-இல் ஹாலந்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த முப்பது வருடங்களில், இங்கிலாந்தின் வில்லியம் காஸ்காயின் என்ற வானியல்காரரின் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் கட்டிவிட்டது. உள்ளே பார்த்தால் நட்சத்திரமும் தெளிவு, நூலும் தெளிவு. இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிந்தன. இன்று ஸ்கோப்பில் நாம் பார்க்கும் குறுக்குக் கோடுகளின் கொள்ளுத்தாத்தா அந்த நூல்தான். காஸ்காயின் 1644-இல் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார்.

ஆனால் அந்தக் குழாய் துப்பாக்கி மேல் உருப்படியாக ஏறி உட்கார இன்னும் இருநூறு வருடம் ஆயிற்று. 1844-இல் அமெரிக்காவில் சாப்மேன் என்பவர் எழுதிய துப்பாக்கி நூலில், குழல் நீளத்துக்கே இருந்த ஸ்கோப்புகளைப் பற்றி விவரிக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) தென்மாநிலப் படை இங்கிலாந்தின் விட்வொர்த் ரைபிள்களைத் தருவித்தது. அவற்றில் சிலவற்றுக்கு இடது பக்கத்தில் ஸ்கோப் மாட்டியிருந்தார்கள். அதாவது ஸ்கோப் வந்தது தூரத்துக்காக. பல நூறு கஜத்துக்கு அப்பால் இருப்பதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் அதன் வேலை.

அப்படியானால் தூரமாகச் சுட ஸ்கோப் கட்டாயமா? 1874-இல் நியூயார்க் பக்கம் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பந்தயம். 800, 900, 1000 கஜத் தூரம். ஸ்கோப் கிடையாது. சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்குறி மட்டும்தான். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஆயிரம் கஜம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். நம் பிள்ளை சுடப்போவதோ 10 மீட்டர்!

இன்னொரு உதாரணம் பின்லாந்தின் சிமோ ஹய்ஹா. 1939-40 குளிர்காலப் போரில் பேர்பெற்ற குறிகாரர். அவர் கொன்ற கணக்கு நமக்கு வேண்டாம், ஸ்கோப்பை ஏன் வேண்டாமென்றார் என்பதுதான் நமக்கு வேண்டும். ஸ்கோப் வைத்தால் தலையை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும், கண்ணாடி பளபளத்துக் காட்டிக்கொடுக்கும், குளிரில் பனி படியும். சாமான் கூடக்கூடத் தொல்லையும் கூடும் என்பது அவர் கணக்கு.

இப்போது ஏர் ரைபிளுக்கு வருவோம். காற்றுத் துப்பாக்கி ஒன்றும் விளையாட்டுச் சாமானாகப் பிறக்கவில்லை. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவமே ஜிரார்டோனி என்ற காற்று ரைபிளை வைத்திருந்தது. ஒரு தடவை குண்டு நிரப்பினால் இருபது சுடலாம். பின்கட்டையே காற்றுக் கலம். அதைப் பராமரிப்பது பெரும்பாடு என்பதால் பிறகு கைவிட்டார்கள். வீட்டுக்கு வந்த ஸ்பிரிங் ரைபிள்களின் வரலாறு இங்கிலாந்தின் லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைத்து 1905 முதல் பி.எஸ்.ஏ. கம்பெனி தயாரித்ததிலிருந்து சூடு பிடித்தது.

ஸ்பிரிங் ரைபிளில் ஒரு கோணல் உண்டு. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னே பாயும், துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முனையில் முட்டியதும் துப்பாக்கி முன்னே குதிக்கும். இந்த முன்னும் பின்னுமான இரட்டை உதை, அதற்கென்று செய்யப்படாத ஸ்கோப்பின் கண்ணாடியையும் கோட்டையும் ஆட்டம் காண வைத்துவிடும், அல்லது மவுண்ட்டை நழுவ வைக்கும். தவிர, வேட்டை ரைபிளுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரி செய்யப்பட்டவை. 10 மீட்டரில் கண் கொஞ்சம் விலகினாலும் கோடு இலக்கின் மேல் நகரும். மலிவு விலை ஸ்கோப்பை மாட்டிவிட்டு "பொண்ணுக்குக் குறி வரல" என்று புலம்புகிறவர்கள் முதலில் ஸ்கோப்பைத்தான் தணிக்கை செய்ய வேண்டும்.

கடைசியாக ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் ரைபிள் அங்கே நுழைந்தது 1984 லாஸ் ஏஞ்சல்ஸில். நடு வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர், பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கமான ஆட்டத்தில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை! துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். (நகரும் இலக்குப் போட்டியில் ஸ்கோப் உண்டு. அது 2004-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை.) 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்ட 10.8-உம் அப்படி வந்ததுதான். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனையாகச் சுட்டபோது குறி வெகுவாக விலகியிருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பதறாமல் திருகித் திருத்திக்கொண்டார். எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்பது கைக்கும் மனதுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவு கடையில் விற்கப்படுவதில்லை.

ஆக, என் தீர்ப்பு இதுதான். பிள்ளைக்குப் போட்டி ஆசை இருந்தால் ஓப்பன் சைட்டில் தொடங்குங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கை பழகியபின் பீப் சைட். ஸ்கோப்பில் பழகினால் முதல் ஞாயிற்றுக்கிழமையே பத்துப் பத்தாக விழலாம், அப்பா அம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் போட்டி வாசலில் அதைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். அப்புறம் மறுபடி அரிச்சுவடியிலிருந்துதான். வருமானத்துக்கு முன்னாலேயே செலவழிக்கிற கதை.

விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன். என்னைப் போல நாற்பதைத் தாண்டி, பக்கத்து எழுத்துக்கு ஒரு கண்ணாடி தூரத்துக்கு ஒரு கண்ணாடி என்று அலைகிறவர்களுக்குப் பள்ளமும் மேடும் பலூனும் சேர்ந்து தெரியாது. காஸ்காயினின் சிலந்தி நமக்குத்தான் உதவி செய்திருக்கிறது. நீங்கள் பொழுதுபோக்குக்குச் சுடுவதானால் ஸ்பிரிங் உதை தாங்கும், பக்கத்துத் தூரத்துக்கு ஃபோகஸ் மாற்றக்கூடிய ஸ்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். ஸ்கோப்புக்குள் தெரிவது ஒரு சின்ன வட்டம். குறுக்கே ஓடிவரும் பக்கத்து வீட்டுக் குழந்தை அந்த வட்டத்தில் தெரியாது. காற்றுத் துப்பாக்கிதானே என்று நினைக்க வேண்டாம், 4.5 மில்லிமீட்டர் ஈயம் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். பால்கனியிலிருந்து கிளியைக் குறி வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாடகை வீட்டு மொட்டை மாடி ரேஞ்ச் ஆகாது. துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் பயிற்சியாளரைத் தேடுங்கள். ஸ்கோப்புக்கு எடுத்து வைத்த காசை அவருக்கு மூன்று மாதச் சம்பளமாகக் கொடுத்தால், அதுதான் நல்ல முதலீடு.