ஒரு மாத அரசாங்கம்

1960ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் இருமுறை வாக்களிக்க நேர்ந்தது. மார்ச்சு 19ஆம் திகதித் தேர்தலில் 151 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி 50ஐயும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46ஐயும் பெற்றன. அறுதிப் பெரும்பான்மை எவருக்கும் இல்லை. காங்கேசன்துறை அங்கத்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமை தாங்கிய தமிழரசுக் கட்சிக்கு 15 ஆசனங்கள் கிடைத்தன. குடாநாடு முழுவதும் அக்கட்சியின் பக்கம் நின்றதெனல் பொருந்தாது. யாழ்ப்பாண நகரத் தொகுதியைச் சுயேச்சையாளரான அல்பிரட் துரையப்பா கைப்பற்றினார். எனினும், தராசின் முள் செல்வநாயகத்தின் கையிலேயே இருந்தது.

சிறுபான்மை அரசொன்றை அமைத்த டட்லி சேனநாயக்கா தமிழரசுக் கட்சியின் ஆதரவை நாடினார். அக்கட்சி நான்கு கோரிக்கைகளை முன்வைத்தது. பிரதேச சபைகள் வேண்டும். தமிழ்மொழிக்கு உரிய நிலை வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் திருத்தப்படவேண்டும். அதுவரை, ஆறு நியமன அங்கத்தவருள் நால்வர் மலைநாட்டுத் தமிழரின் பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும். டட்லி இணங்கவில்லை. ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் 61க்கு எதிராக 86 வாக்குகளால் அரசாங்கம் வீழ்ந்தது. அந்தப் பதினைவரும் மறுபுறம் சேர்ந்திருப்பின் கணக்கு 76க்கு 71 என மாறியிருக்கும்!

எதிரணித் தலைவரான சி. பி. டி சில்வாவை அழைத்து மகாதேசாதிபதி ஆட்சியமைக்கச் சொல்வார் என்று பலர் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. செல்வநாயகத்தின் பேரம் அன்றே பெறுமதி இழந்தது எனலாம். சுதந்திரக் கட்சி அளித்ததாகத் தமிழரசுக் கட்சி நம்பிய வாக்குறுதிகள், 46 ஆசனங்களோடு நின்ற ஒரு கட்சி அளித்தவை. யூலைத் தேர்தலில் அக்கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. பெரும்பான்மைக்கு ஓராசனம் குறைவு. ஆனால், ஆறு பேரை நியமிக்கும் வாய்ப்பும் அதனிடம் வந்தது. எந்த நியமன ஆசனங்களைத் தமிழரசுக் கட்சி கேட்டதோ, அவையே அதன் தயவு வேண்டாமற் செய்தன. அவற்றுள் ஒன்று தொண்டமானுக்குக் கிடைத்தது என்பது வேறு கதை. தமிழரசுக் கட்சியோ முன்னையிலும் ஒன்று கூடுதலாக, 16 ஆசனங்களோடு சபையில் அமர்ந்தது. அதனை நாடி வருவாரில்லை.

1961 சனவரி முதல் தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தனர். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, தலைவர்கள் பனாகொடை முகாமிற் சிறை வைக்கப்பட்டனர்.

1965இல் மீண்டும் எவருக்கும் பெரும்பான்மை இல்லாத சபை அமைந்தது. இம்முறை செல்வநாயகம் வாய்ச்சொல்லை ஏற்கவில்லை. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், மார்ச்சு 24ஆம் திகதி, டட்லியும் அவரும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர், மு. திருச்செல்வம் செனற் சபை மூலம் அமைச்சரானார். கைச்சாத்து இருந்தும் மாவட்ட சபை மசோதா 1968இற் கைவிடப்பட்டது. அவ்வாண்டே தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு விலகிற்று. அரசாங்கமோ விழவில்லை, 1970 வரை நீடித்தது.